கிணற்றை மூடுவதா, விடுவதா? அபாயச் செய்திக்கு நான்கு பதில்கள்

"சேர், இந்த வீடியோவை ஒருக்காப் பாருங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி முழுக்க விஷமாம். கிணத்தை மூடுறதே, விடுறதே?"

கேட்டவர் ஒரு காலத்தில் என்னிடம் இரசாயனம் படித்தவர். உரும்பிராயில் எட்டுப் பரப்புச் செம்மண் தறை, அதில் வெங்காயம், வீட்டில் நான்கு மாதக் குழந்தை. அதே கிழமை குருநகரில் இருந்து ஒருவர் வந்தார். 2050இல் யாழ்ப்பாணம் கடலுக்குள் போய்விடும் என்று ஒரு வரைபடம் அவருடைய போனுக்கு வந்திருக்கிறது. கடற்கரையோரமாகப் பேசி வைத்த காணிக்கு முற்பணம் கொடுப்பதா என்று தெரியாமல் நின்றார். மூன்றாவது, எனக்கு மருமகள் முறையான ஒரு பெண். பிள்ளைக்கு ஊசி போடும் நாள் நெருங்குகிறது. யாரோ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டுவிட்டு அவளுக்கு இரவெல்லாம் நித்திரை இல்லை.

மூன்று பேருக்கும் ஒரே சிக்கல்தான். விஞ்ஞானத்தின் பெயரில் ஒரு பயங்கரச் செய்தி வந்திருக்கிறது. நம்பினால் செலவு, நம்பாவிட்டால் பயம். ஆனால் நான் மூன்று பேருக்கும் மூன்று பதில் சொன்னேன். "என்ன சேர், ஆளுக்கு ஒரு நியாயமோ?" என்று மாணவர் கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கத்தைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்.

## எதைக்கொண்டு நிறுப்பது

இப்படியான செய்தி வந்தால் நான்கு வழிகளில் ஒன்றை எடுக்கலாம். அவற்றை ஒப்பிட முதலில் தராசு வேண்டும். நான் ஐந்து கேள்விகளை வைத்திருக்கிறேன்.

யாராவது எதையாவது அளந்தார்களா? ஒரு லீற்றர் தண்ணீரில் இத்தனை மில்லிகிராம் நைத்திரேற்று என்பது அளவீடு. இந்த ஆண்டில் கடல் இவ்வளவு உயரும் என்பது கணிப்பு. நேர்மையான கணிப்பு என்றால் அதற்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் இருக்கும். இன்ன இரசாயனம் இந்த நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்பது கருதுகோள். பத்திரிகைத் தலைப்பில் மூன்றும் ஒரே எழுத்தளவில்தான் வரும்.

இங்கே வழக்கமாக நடக்கும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பொருட்களைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கிறது. அந்தப் பட்டியல் காட்டுவது ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைத்தான். ஆபத்து எவ்வளவு பெரிது என்று அதில் இருந்து தெரியாது. கைபேசி அலைகளை 2011இல் ‘2பி’ தொகுதியில் வைத்தார்கள், அதாவது சாத்தியம் உண்டு, ஆதாரம் குறைவு. பாக்கு முதலாம் தொகுதியில் இருக்கிறது, ஆதாரம் போதும் என்று பொருள். புகையிலையும் அங்கேதான். 2019இல் யாழ் நகரில் ‘ஸ்மார்ட்’ கம்பங்கள் நட்டபோது 5ஜி வருகிறது என்று ஊர் கொதித்தது. கம்பத்துக்கு எதிராகப் பேசியவர்களில் எத்தனை பேர் வெற்றிலையும் புகையிலையும் குதப்பிக்கொண்டே பேசினார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருக்கலாம்.

தவறினால் எந்தப் பக்கம் எவ்வளவு போகும்? பொய்யான செய்தியை நம்பினாலும் இழப்பு, உண்மையான செய்தியை நம்பாவிட்டாலும் இழப்பு. இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது.

செய்ததைத் திருப்பி எடுக்கலாமா? இந்தக் கேள்விக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் நிறை கொடுக்கிறேன். பவுசர் தண்ணீரை ஒரு மாதம் வாங்கியவர் அடுத்த மாதம் நிறுத்தலாம். கிணற்றைத் தூர்த்தவர் என்ன செய்வார்?

செலவு யார் தலையில்? எச்சரிப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் இன்னொருவர் என்றால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எச்சரிப்பவரே மருந்தும் விற்கிறார் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

நானே சோதிக்கலாமா, அதற்கு எத்தனை நாள்? கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கலாம். கடல் மட்டத்தைச் சோதிக்க ஆயுள் போதாது. சுனாமியைச் சோதிக்கப் போகிறவர் திரும்பி வரமாட்டார்.

## முதலாம் வழி: உடனே நம்பி முழுதாக இறங்குவது

கெட்ட பெயர் எடுத்த வழி. ஆனால் சில இடங்களில் இதைத் தவிர வேறு வழியே கிடையாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை வடமராட்சி கிழக்குக் கரையில் யாரும் யாருக்கும் எச்சரிக்கை கொடுக்கவில்லை. மணற்காட்டிலும் தாளையடியிலும் மருதங்கேணியிலும் என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது. கரையோரத்துச் சனம் பிள்ளை குட்டிகளோடு உள்ளுக்கு ஓடியது. அழிக்கும் அலை வரவில்லை. "சும்மா ஓட வைச்சாங்கள்" என்று பிறகு சிலர் சலித்துக்கொண்டார்கள். கணக்குப் பார்த்தால் போனது ஒரு பின்னேரம். ஓடாமல் நின்று அலை வந்திருந்தால்? இந்த வகைக்கு முதலாம் வழிதான் சரி: நேரம் நிமிடக் கணக்கில், நடவடிக்கை மலிவு, நாளைக்கே வீடு திரும்பலாம்.

இதே வழியை அரசாங்கம் ஆண்டுக்கணக்கான விஷயத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் காரணம் தெரியாத சிறுநீரக நோய் விவசாயிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. நோய் உண்மை, சாவு உண்மை. 2014இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. கிளைபோசேற் என்ற களைநாசினி, கடினநீர், பார உலோகங்கள் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்பது அதன் கருதுகோள். கருதுகோள்தான்; அதைச் சோதிக்கும் வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. அடுத்த ஆண்டே, 2015இல், கிளைபோசேற்றுக்கு நாடு முழுவதும் தடை. தோட்டங்களில் களை மண்டியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள், 2022இல் முழுதாகவே எடுத்துவிட்டார்கள். நோய்க்கு என்ன காரணம் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை, பீடைகொல்லி இறக்குமதி எல்லாவற்றுக்கும் ஒரே இரவில் தடை வந்தது. மக்களின் ஆரோக்கியம், சிறுநீரக நோய் என்று காரணம் சொன்னார்கள். டொலர் இல்லாததும் ஒரு காரணம் என்று அப்போதே பலர் சொன்னார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், ஆனாலும் அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் விழுந்தது, நாடு அரிசி இறக்கியது. விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபா இழப்பீடு அறிவிக்க வேண்டி வந்தது. கிருமி இருக்கிறது என்று இறக்கவிடாமல் திருப்பிய ஒரு சீனச் சேதனப் பசளைக் கப்பலுக்கு மட்டும் 67 இலட்சம் டொலர் கட்டினார்கள். இந்தத் தொகைகளில் ஒன்றுகூட, தடை அறிவித்த நாளில் யாருடைய கணக்கிலும் இருக்கவில்லை. மறைசெலவு என்று நான் சொல்வது இதைத்தான்.

(எங்கள் பக்கத்துத் தோட்டக்காரருக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 90களில் யூரியா வடக்குக்கு வரத் தடை இருந்தது, வேறு காரணத்துக்காக. அந்தக் காலத்தில் மாட்டெருவும் குழையும் தாட்டு வெங்காயம் செய்தவர்களிடம் 2021இல் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எந்தப் பயிர் தாங்கும், எது தாங்காது, எத்தனை போகம் பிடிக்கும் என்று சொல்லியிருப்பார்கள்.)

பணத்தோடு போகாத செலவும் உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலக்கும் என்று சொன்னார்கள். கேட்கும்போது விஞ்ஞானம் போலவே இருந்தது. ஆனால் அப்படி நடந்ததாக எவரும் அளந்து காட்டவில்லை. புதைக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தது. முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் உறவுகளை, கைக்குழந்தையைக்கூட, எரியக் கொடுத்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில் அந்த ஆணை நீங்கியது. அடுத்த மார்ச் மாதத் தொடக்கத்திலேயே புதைப்பதற்கு இரணைதீவைக் காட்டினார்கள். அங்கே மீள்குடியேறிய மக்கள் மறுத்துப் போராடினார்கள், பிறகு புதைக்கும் இடம் கிழக்கில் ஓட்டமாவடிக்குப் போனது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. எரித்தவர்களைத் திருப்பி எடுக்க முடியாது. ஐந்து கேள்விகளில் மூன்றாவதுக்கு நான் ஏன் கூடுதல் நிறை கொடுக்கிறேன் என்று இப்போது விளங்கும்.

## இரண்டாம் வழி: "சும்மா வெருட்டுகினம்" என்று தள்ளிவிடுவது

முதலாம் வழியின் கதைகளைக் கேட்டவர்கள் நேராக இங்கேதான் வந்து இறங்குவார்கள். எல்லாம் வியாபாரம், எல்லாம் வெளிநாட்டுக் காசு, விஞ்ஞானிகள் இன்றைக்கு ஒன்று சொல்வார்கள், நாளைக்கு வேறு சொல்வார்கள். தேநீர்க்கடையில் இப்படிப் பேசுகிறவருக்குக் கைதட்டு விழும். செலவும் இல்லை, அறிவாளி என்ற பெயரும் கிடைக்கும்.

இந்த வழியின் விலை தெரிய வேண்டும் என்றால் சுன்னாகத்துக்குப் போக வேண்டும்.

சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் ஒயில் மணக்கிறது, வாளியில் படலம் மிதக்கிறது என்று சனம் சொல்லத் தொடங்கியபோது, அது முதலில் முறைப்பாடாக மட்டும்தான் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்ற குரல்களும் வந்தன. கிணற்றடியில் நிற்கும் பெண்ணின் மூக்குக்குத் தெரிந்ததைக் கதிரையில் இருந்தவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 2015 தொடக்கத்தில் ஊர்ச்சனமும் மாணவர்களும் தெருவில் இறங்கிய பிறகுதான் பவுசரில் தண்ணீரும் விசாரணையும் ஒழுங்காக நகர்ந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது.

எல்லாச் சந்தேகக்காரரும் கவனிக்க வேண்டிய இடம் இது. "ஆபத்து" என்பது எப்படி ஒரு கூற்றோ, "ஒன்றுமில்லை" என்பதும் அப்படியே ஒரு கூற்று. அளந்தீர்களா, எதை, எப்போது, எந்தக் கிணற்றில் என்று இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் குடைந்து குடைந்து கேட்டுவிட்டு மறு பக்கத்தை அப்படியே விழுங்குவதற்குச் சந்தேகம் என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

சரி, இந்த வழி எங்கே பொருந்தும்? அளவு இல்லாத, ஆள் பெயர் இல்லாத, "பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று முடிகிற செய்திக்குப் பொருந்தும். அதைச் சோதிக்கும் நேரத்தில் ஒரு பாத்தி வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிடலாம்.

## மூன்றாம் வழி: உறுதியாகும்வரை பொறுத்திருப்பது

படித்தவர்களுக்குப் பிடித்த வழி, எனக்கும் பிடித்ததுதான். ஆய்வு முடியட்டும், மறு ஆய்வும் வரட்டும், அப்புறம் பார்ப்போம்.

இதன் குறை என்னவென்றால், யாராவது வேண்டுமென்றே உறுதியாக விடாமல் இழுத்தடிக்கலாம். புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று 1950இலேயே நல்ல ஆய்வுகள் வந்துவிட்டன. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை 1964இல் வந்தது. அதற்குப் பிறகும், 1969இல், ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள் குறிப்பில் ‘சந்தேகம்தான் எங்கள் சரக்கு’ என்று எழுதி வைத்திருந்தார்கள். பொறுத்திருந்த ஒவ்வொரு ஆண்டும் அவர்களுக்கு விற்பனை. சுருட்டுச் சுற்றிப் பிழைத்த இந்தக் குடாநாட்டில் அந்தக் கதை கொஞ்சம் கூடுதலாகவே சுடும்.

காலநிலை விஷயத்திலும் இந்த இழுத்தடிப்பு நடந்திருக்கிறது. பூமி சூடாகிறது, அதற்கு மனிதர்தான் காரணம் என்பதில் இப்போது இழுபறி கிடையாது. எவ்வளவு, எங்கே, எந்த ஆண்டில் என்பதில்தான் வீச்சு இருக்கிறது. வீச்சு இருக்கிறதே என்று அடிப்படையையும் சேர்த்து ஒத்திவைப்பவர், பொறுமைசாலி வேடத்தில் இரண்டாம் வழியில் நிற்கிறார்.

ஆனால் நடவடிக்கை பெரிது, திருப்ப முடியாது, ஆபத்தும் மெல்ல வருகிறது என்றால் பொறுத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. பரம்பரைக் காணியை விற்பது அந்த வகை. 2021இல் பசளைக்கு வேண்டியிருந்ததும் இதுதான். இரண்டு போகம் சில இடங்களில் செய்து பார்த்திருந்தால் நாடு அந்தப் பாட்டைப் பட்டிருக்காது.

## நான்காம் வழி: சிறிதாகச் செய், அளந்து பார், பிறகு முடிவெடு

2008 தொடக்கத்தில் இலங்கையில் குழந்தைகளுக்கு ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி வந்தது. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரல் அழற்சி பி, ஹிப் கிருமி ஐந்தும் ஒரே ஊசியில். ஊசிக்குப் பின் சில குழந்தைகள் இறந்ததாகத் தகவல் வந்ததும் ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கவில்லை. முன்பு போட்டுவந்த பழைய ஊசிகளுக்குத் திரும்பினார்கள். வெளியில் இருந்தும் நிபுணர்கள் வந்து ஒவ்வொரு சாவையும் ஆராய்ந்தார்கள். ஊசிதான் காரணம் என்று காட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை. 2010இல் கூட்டு ஊசி மறுபடியும் வந்தது. பெற்றோரின் பயத்தை யாரும் பகிடி பண்ணவில்லை, பிள்ளைகளும் பாதுகாப்பு இல்லாமல் நிற்கவில்லை. அபாயச் செய்தியை ஒரு நாடு எப்படிக் கையாள வேண்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அண்மையில் எங்கள் ஊரிலேயே ஒன்று நடந்தது. 2024 நவம்பர் கடைசி வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சலில் அடுத்தடுத்துச் சாவுகள். மர்மக் காய்ச்சல், புது வைரஸ் என்று போனெல்லாம் ஒரே பரபரப்பு. மாதிரிகளைச் சோதித்ததில் எலிக்காய்ச்சல் என்று சில நாட்களில் தெரிந்தது. வயலில் இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை கொடுத்தார்கள். மலிவான மருந்து, பழைய மருந்து. ஊரை மூடவும் இல்லை, ஒன்றுமில்லை என்று சொல்லவும் இல்லை.

இந்த வழிக்கும் மறைசெலவு இருக்கிறது. முதலாவது, வேலை கூட. மாதிரி எடுக்க வேண்டும், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அறிக்கையை வாசிக்க யாரையாவது பிடிக்க வேண்டும். இரண்டாவது, சோதனை நீங்கள் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். நைத்திரேற்றுக்குச் சோதித்த தண்ணீரில் ஒயில் இருக்கிறதா என்று அந்தத் தாளில் இருக்காது, மலக்கிருமி இருக்கிறதா என்றும் இருக்காது. ஒரு தாளைக் காட்டி "எங்கட தண்ணி பாஸ்" என்று சொல்கிறவர்கள் இதைத்தான் மறந்துபோகிறார்கள். மூன்றாவது, தற்காலிகம் என்று தொடங்கியது நிரந்தரமாகிவிடும், அரசாங்கம் தொடங்கினால் நிச்சயமாக. அலை வரும்போது இந்த வழி உதவவே உதவாது என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

## ஒரே பார்வையில்

| | உடனே முழுதாக | தள்ளிவிடுதல் | பொறுத்திருத்தல் | சிறிதாகச் செய்து அளத்தல் |
|---|---|---|---|---|
| உடனடிச் செலவு | பெரும்பாலும் அதிகம் | இல்லை | இல்லை | கொஞ்சம் |
| மறைசெலவு | பிழைத்தால் திருத்த முடியாத இழப்பு | உண்மையாக இருந்தால் உடம்பும் உயிரும் | இழுத்தடிப்பவருக்கு வசதி | அலைச்சல், அரைகுறை நிம்மதி |
| பொருந்தும் இடம் | சுனாமி, புயல் | அளவும் ஆளும் இல்லாத செய்தி | காணி, நாடு தழுவிய தடை | கிணறு, காய்ச்சல், புது ஊசி |
| பொருந்தாத இடம் | பசளைத் தடை | சுன்னாகம் | புகையிலை | சுனாமிக்கு முன் கடல் பின்வாங்கும் கரை |

## அந்த மூன்று பேருக்கும் சொன்னது

உரும்பிராய்க்காரருக்கு: நான்காம் வழி. வீடியோ முழுப் பொய்யும் இல்லை. எங்கள் நிலம் வெடிப்பு விழுந்த சுண்ணக்கல், மேலே ஒரு படை மண். தோட்டத்துக்குப் போடும் பசளையும் மலக்குழியில் இருந்து கசிவதும் கிணற்றுக்கு வர அதிக நேரம் வேண்டாம். குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதைப் பல ஆண்டுகளாக அளந்து எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த எல்லையை முதன்மையாக யாருக்காக வைத்தார்கள் என்பதை வீடியோ சொல்லவில்லை: போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்காக. நைத்திரேற்று அவர்களுடைய இரத்தத்தில் ஒட்சிசன் ஏறுவதைக் கெடுக்கும், பிள்ளை நீலம் பாரிக்கும்.

"பிள்ளைக்குத் தாய்ப்பாலா, மாப்பாலா?" என்று கேட்டேன். தாய்ப்பால் மட்டும்தான் என்றார். அப்படியென்றால் இன்றிரவு நித்திரை கொள்ளலாம். தண்ணீரைச் சோதிக்க நேரம் இருக்கிறது. மாப்பால் கரைக்க வேண்டி வந்தால் வேறு தண்ணீர் எடுக்க வேண்டும். கொதிக்க வைத்தால் போகும் என்று அவருடைய மாமியார் சொல்லியிருக்கிறார். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும்.

கிணற்றை மூட வேண்டாம் என்றேன். குளிக்க, தோய்க்க, தோட்டத்துக்கு அது வேண்டும். மூடிய கிணறு கடைசியில் குப்பைக் குழியாகி அயலவனின் கிணற்றையும் கெடுக்கும். தண்ணீரைச் சவ்வில் வடிக்கும் ஆர்ஓ இயந்திரம் நைத்திரேற்றை எடுக்கும், ஆனால் சோதனைத் தாள் வருவதற்கு முன் கடன் பட்டு வாங்க வேண்டாம். என் அயலில் ஒருவர் அப்படி வாங்கினார். இயந்திரம் சுத்தத் தண்ணீர் கொடுக்கும்போது கழிவுத் தண்ணீரையும் வெளியே தள்ளும் என்று விற்றவர் சொல்லவில்லை. இவர் அதை மலக்குழிக்குப் பக்கத்தில் விட்டுக்கொண்டிருந்தார். தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் தரக்கூடியது. அந்தக் குழாய் உங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் குடிக்க அதை எடுப்பது இலேசு.

ஒன்று மட்டும் சோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை: பசளையைக் குறைப்பது. பயிர் எடுப்பதற்கு மேல் போடும் யூரியாவில் நிறையக் கிணற்றுக்குத்தான் போகிறது. நைத்திரேற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் காசு மிச்சம். மாட்டெருவுக்கு மாறினால் பிரச்சினை தீரும் என்றும் நினைக்க வேண்டாம். கூடப் போட்டால் அதுவும் நைத்திரேற்றாகித்தான் இறங்கும்.

குருநகர்க்காரருக்கு: பொறுத்திருந்து பேரம் பேசுங்கள். ஐநாவின் காலநிலை அறிவியல் குழு 2021இல் சொன்ன எண்கள் இவை. 1901இல் இருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்ரிமீட்டர் உயர்ந்தது. 1995 முதல் 2014 வரையான சராசரியோடு ஒப்பிட்டால், 2050இல் பூமியைச் சூடாக்கும் புகையை வெகுவாகக் குறைத்தாலும் கட்டுப்பாடில்லாமல் விட்டாலும் 15 முதல் 29 சென்ரிமீட்டருக்குள் உயரும். எங்கள் அளவில் கிட்டத்தட்ட ஒரு சாண். இரண்டு பாதைகளும் பிரிவது அதற்குப் பிறகுதான்: 2100இல் புகையைக் குறைத்தால் 28 முதல் 55 சென்ரிமீட்டர், விட்டால் 63 முதல் 101. ஆக, 2050இல் யாழ்ப்பாணம் மூழ்கும் என்பது அந்த எண்களில் இல்லை. கடலால் ஒன்றும் வராது என்பதும் இல்லை. ஒரு சாண் உயர்ந்த கடலில் இருந்து புயல் எழும்பினால் அலையும் ஒரு சாண் மேலே இருந்துதான் தொடங்கும்.

எனக்குக் கவலை தரும் இடம் கரையைவிடக் கிணறு. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. குடாநாடு முழுவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். நன்னீர் உப்புநீருக்கு மேலே எண்ணெய் போல மிதக்கிறது. நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மறுபக்கம் பார்த்தால், மோட்டர் போட்டு ஓர் அடி இறைத்தால் உப்பு கீழிருந்து 40 அடி எழும்பப் பார்க்கும். துலா மிதித்த காலத்தில் கை வலித்தால் இறைப்பு நிற்கும். மோட்டருக்குக் கை வலிக்காது. கடல் ஒரு சாண் உயர 2050 வரை பிடிக்கும், கிணறு உவராக இரண்டு கோடை போதும்.

ஆகையால் வரைபடத்தை வைத்துவிட்டு ஆவணி மாதம் அந்தக் காணிக் கிணற்றில் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், முடிந்தால் உப்பளவு சோதியுங்கள் என்றேன். 2008 நிஷா புயலிலும் 2024 வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று அயலில் நாலு கிழவிகளைக் கேளுங்கள். காணியை விற்பவருக்கும் அந்த வரைபடம் வந்திருக்கும், விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல சாட்டு.

மருமகளுக்கு நீண்ட விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. 2008 கதையைச் சொன்னேன். "நிப்பாட்டினவைதானே மாமா, பிறகு ஏன் திரும்பத் தந்தவை?" என்று கேட்டாள். ஆராய்ந்து பார்த்துவிட்டுத்தான் தந்தார்கள் என்றேன். குரல் பதிவில் பேசியவருக்குப் பெயரும் இல்லை, அவர் சொன்னதில் ஓர் எண்ணும் இல்லை. ஊசி போடாமல் விடுவது ஒன்றும் செய்யாமல் இருப்பது போலத் தோன்றும், ஆனால் அதுவும் ஒரு முடிவு. வெறும் 12 பிள்ளைகளை வைத்து 1998இல் பிரித்தானியாவில் வந்த ஒரு கட்டுரை சின்னமுத்து ஊசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப் போட்டது. அதை வெளியிட்ட இதழ் 2010இல் மீட்டுக்கொள்வதற்குள் எத்தனையோ பெற்றோர் ஊசியைத் தவிர்த்துவிட்டார்கள். இலங்கையில் சின்னமுத்து ஒழிந்தது என்று 2019இல் சான்று கிடைத்தது, 2023இல் அது திரும்பி வந்தது. பிள்ளைக்கு முந்தி ஏதாவது ஒவ்வாமை வந்திருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல், ஊசி போட்ட பிறகு இருக்கச் சொன்ன நேரம் வரை அங்கேயே இரு என்றேன். வியாழக்கிழமை போனாள். பிள்ளைக்கு ஒரு நாள் இலேசான காய்ச்சல், அவளுக்கு இரண்டு நாள்.

உரும்பிராய்க்காரர் இன்னும் தண்ணீர் கொண்டுபோகவில்லை. நேற்றுப் போன் எடுத்தேன். வெங்காயம் கிண்டுகிற நேரம் சேர், அடுத்த கிழமை என்கிறார். இரண்டு போத்தல்களைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று அவருக்கு, ஒன்று என்னுடைய கிணற்றுக்கு. மாரிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை எடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும். போன மாரிக்குப் பிறகு நானும் எடுக்கவில்லை.